'ஜெயிச்சுட்டோம்' என்று சொல்லப் பயந்தவர்

2004 அக்டோபர் 16, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. டிவியில் ஸ்கோர் தெரிந்தது. நியூயார்க் யாங்கீஸ் 19, பாஸ்டன் ரெட் சாக்ஸ் 8.

சொந்த ஊர், சொந்த மைதானம், நிரம்பிய கூட்டம். அத்தனை பேர் கண் முன்னால் இப்படி ஒரு அடி. பெரியவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். அவருக்கு எழுபது வயது. கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

'அப்பாடா, இந்த வருஷம் சீக்கிரமே முடிஞ்சுது' என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்குப் பெயர் வேண்டாம். பெரியவர் என்றே இருக்கட்டும். அந்த வாரம் பாஸ்டனில் தெருவுக்குத் தெரு அவரைப் போல ஒருவர் இருந்தார். வயது மாறும், வேலை மாறும், கதை மட்டும் அநேகமாக ஒன்றுதான்.

பூஜ்யத்துக்கு மூன்று

பேஸ்பால் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான். ஒரு டீமுக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று அவுட். பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகள் கொண்ட ஒரு சதுரத்தைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒவ்வொரு மூலைக்கும் 'பேஸ்' என்று பெயர். மூலைக்கு மூலை 90 அடி தூரம். அடித்த பந்து பறந்துபோய் வேலிக்கு அப்பால் கூட்டத்தில் விழுந்தால் ஹோம் ரன். அப்போது நிதானமாகச் சுற்றி வரலாம். இரண்டு டீமும் சமமாக இருந்தால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு நேரமானாலும் யாராவது ஒருவர் தோற்றாக வேண்டும்.

அன்று நடந்துகொண்டிருந்தது அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடர். ஏழு மேட்சுகள். முதலில் நான்கு ஜெயிக்கிற டீம் 'வேர்ல்ட் சீரிஸ்' எனப்படும் இறுதித் தொடருக்குப் போகும். யாங்கீஸ் முதல் மூன்றையும் ஜெயித்துவிட்டது. ரெட் சாக்ஸ் இனி ஒன்றில் தோற்றாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதுவரை பேஸ்பால் வரலாற்றில் இப்படி மூன்று மேட்ச் பின்தங்கிய டீம்கள் 25. அவற்றில் ஒன்றுகூட மீண்டு வந்ததில்லை. ஏழாவது மேட்ச் வரை இழுத்துக்கொண்டு போனவர்கள்கூடக் கிடையாது. ஐஸ் ஹாக்கியில் 1942-ல் டொரன்டோவும் 1975-ல் நியூயார்க் ஐலண்டர்ஸும் அந்தக் காரியத்தைச் செய்திருந்தன. பேஸ்பாலில் கதவு மூடியே இருந்தது.

அதனால்தான் பெரியவருக்கு நிம்மதி. கதவு மூடியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அப்பா கொடுத்த சொத்து

பெரியவரின் அப்பா 1908-ல் பிறந்தவர். 1918-ல் ரெட் சாக்ஸ் உலக சாம்பியன் ஆனபோது அவருக்குப் பத்து வயது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் அந்த வருடம் சீசனைச் சுருக்கி, செப்டம்பரிலேயே இறுதித் தொடரை முடித்தார்கள். அந்த டீமில் பேப் ரூத் என்ற இளைஞர் பந்தும் வீசினார், மட்டையும் பிடித்தார். 1920 ஜனவரியில், அவரை யாங்கீஸ் டீமுக்கு விற்றுவிட்டதாக அறிவிப்பு வந்தது.

அதன் பிறகு 2004 வரை யாங்கீஸ் 26 முறை உலக சாம்பியன். ரெட் சாக்ஸ் ஒரு முறைகூட இல்லை. பேப் ரூத்துக்கு 'பாம்பினோ' என்று செல்லப் பெயர் உண்டு. அவரை விற்ற பாவம்தான் துரத்துகிறது, இது 'பாம்பினோ சாபம்' என்று ஊர் பேசியது. பாஸ்டன் ஆற்றங்கரைச் சாலையில் வளைவு இருப்பதாக எச்சரிக்கும் பலகை ஒன்று இருந்தது. அதன் எழுத்தை யாரோ பெயின்ட்டால் மாற்றி, 'சாபத்தைத் திருப்பிப் போடு' என்று படிக்கும்படி செய்துவிட்டார்கள்.

சாபத்தை நம்பாதவர்களுக்கும் தோல்விப் பட்டியல் மனப்பாடம். 1946, 1967, 1975 என்று மூன்று வேர்ல்ட் சீரிஸ். மூன்றிலும் ஏழாவது மேட்ச் வரை போய்த் தோல்வி. 1978-ல் யாங்கீஸோடு ஒரே ஒரு மேட்ச் ஆடித் தலைவிதியை முடிவுசெய்ய வேண்டிய நிலை. அதிகம் ஹோம் ரன் அடிக்காத பக்கி டென்ட் அன்று பார்த்து ஹோம் ரன் அடித்தார். மோசமாக ஆடுகிற டீமின் ரசிகனுக்கு ஒரு வசதி உண்டு, அவன் எதையும் எதிர்பார்க்க மாட்டான். ரெட் சாக்ஸ் அந்த வசதியைக்கூடத் தரவில்லை. வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய்த்தான் திருப்பி அனுப்பும்.

1946-ல் பெரியவர் பன்னிரண்டு வயதுப் பையன். ரேடியோவை அணைத்துவிட்டு அப்பா அவன் தலையைத் தடவி, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்டா" என்றார். அந்த வாக்கியம்தான் அந்த வீட்டின் பரம்பரைச் சொத்து.

ஒரு போன் கால்

பெரியவர் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் 1986-ஐச் சேர்ந்தது.

அந்த வருட வேர்ல்ட் சீரிஸில் எதிரி நியூயார்க் மெட்ஸ். ஐந்து மேட்ச் முடிந்தபோது ரெட் சாக்ஸ் மூன்றுக்கு இரண்டு என முன்னிலை. அக்டோபர் 25, ஆறாவது மேட்ச். பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5, மெட்ஸ் 3. மெட்ஸில் இரண்டு பேர் அவுட். பேஸ்களில் ஆள் இல்லை. இன்னும் ஒரே ஒரு அவுட். 68 வருடக் காத்திருப்பு முடியப்போகிறது.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. உடம்பு முடியாமல் வேறொரு வீட்டில் படுத்திருந்தார். பொறுக்க முடியாமல் மகன் போனை எடுத்துச் சுழற்றினார்.

"அப்பா, ஜெயிச்சுட்டோம்!"

மறுமுனையில் அப்பா சிரித்தார். அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது.

அடுத்த சில நிமிடங்களில் வரிசையாக மூன்று பேர் அடித்தார்கள். ஒரு பந்து தறிகெட்டுப் போனதில் ஸ்கோர் சமமானது. கடைசியில் தரையோடு மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்து, முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு இடையே புகுந்து ஓடிவிட்டது. மெட்ஸுக்கு வெற்றி ரன். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 27-ம் தேதி, ஏழாவது மேட்சிலும் தோல்வி.

பந்து பக்னரிடம் போவதற்கு முன்பே ஸ்கோர் சமமாகிவிட்டிருந்தது. ஆனாலும் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. பல வருடங்கள் அதைச் சுமந்தார் அந்த மனிதர். 

பெரியவருக்குப் பக்னர்மேல் கோபம் வந்ததில்லை. ஏனென்றால் தப்பு யாருடையது என்று அவருக்குத் 'தெரியும்'. முடிவதற்கு முன் அந்த வார்த்தையைச் சொன்னவர் அவர்தானே. அடுத்த வசந்தத்தில் அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து கடைசி அவுட் விழும்வரை 'ஜெயிச்சுட்டோம்' என்ற சொல் பெரியவர் வாயில் வந்ததே இல்லை.

பேத்தியின் கணக்கு

அவர் குடியிருந்தது பாஸ்டனில் நிறையப் பார்க்கக்கூடிய மூன்றடுக்கு மர வீடு. ஒரு மாடிக்கு ஒரு குடும்பம். கீழே அவரும் மனைவியும். மேலே மகள் குடும்பம். மகள் நர்ஸ். ராத்திரி டியூட்டி இருக்கும் நாட்களில் எட்டு வயதுப் பேத்தி கீழே வந்துவிடுவாள்.

போன வருடம், 2003-லும் இதே யாங்கீஸோடு இதே தொடர். ஏழாவது மேட்சில் எட்டாவது இன்னிங்ஸ்வரை ரெட் சாக்ஸ் 5-2 என முன்னிலை. பெட்ரோ மார்ட்டினெஸ் களைத்துப்போனது எல்லோருக்கும் தெரிந்தது, அவரை மாற்ற வேண்டிய மேனேஜரைத் தவிர. யாங்கீஸ் சமன் செய்தது. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஒரே அடியில் கதை முடிந்தது. மறுநாள் காலையில் பேத்தி எழுந்து வந்து ஸ்கோர் கேட்டாள். சொன்னார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, 1946-ல் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் முகம் பெரியவருக்கு ஞாபகம் வந்தது.

வீட்டைக் கொடுக்கலாம், கடிகாரத்தைக் கொடுக்கலாம். இதையுமா இந்தக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்துவிட்டார். இனி அவளுக்கு இந்த ஆசையை ஊட்டக் கூடாது.

அதனால் அக்டோபர் 17, ஞாயிறு இரவு, நான்காவது மேட்ச் தொடங்கியபோது அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"போய்ப் படும்மா. நாளைக்கு ஸ்கூல் இருக்கு. இன்னிக்கோட முடிஞ்சுடும்."

"ஏன் தாத்தா?"

"இனிமே நாலு மேட்ச் தொடர்ந்து ஜெயிக்கணும். யாரும் ஜெயிச்சதில்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாலையும் இன்னிக்கே ஆட முடியாதே தாத்தா. இன்னிக்கு ஒண்ணுதானே ஜெயிக்கணும்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. சோபாவில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அன்று மைதானத்தில் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர் கெவின் மிலாரும் ஏறத்தாழ இதே கணக்கைத்தான் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்று ஒன்றை மட்டும் எங்களை ஜெயிக்க விட்டுவிடாதீர்கள், அப்புறம் எங்கள் நல்ல பந்துவீச்சாளர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், ஏழாவது மேட்சில் எதுவும் நடக்கும் என்பது அவர் வாதம்.

90 அடி

ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. பேத்தி சோபாவிலேயே தூங்கிவிட்டாள். பந்து வீச வந்தவர் மரியானோ ரிவேரா. ஜெயிக்கும் நிலையில் இருக்கிற மேட்சைப் பத்திரமாகப் பூட்டி முடிப்பதில் அவரை மிஞ்சிய ஆள் அன்று பேஸ்பாலில் கிடையாது. பெரியவரின் கை ரிமோட்டைத் தேடியது.

ரிவேரா நான்கு பந்துகளைத் தப்பான இடத்தில் வீசிவிட்டார். விதிப்படி கெவின் மிலார் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போனார். மிலார் வேகமாக ஓடுபவர் அல்ல. அவருக்குப் பதிலாக டேவ் ராபர்ட்ஸ் என்பவரை ஓட அனுப்பினார்கள். ஜூலை கடைசியில்தான் டீமுக்கு வந்தவர். இந்தத் தொடர் முழுவதிலும் அவர் ஒரு முறைகூட மட்டை பிடிக்கவில்லை. அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான். அடுத்த பேஸைத் திருட வேண்டும்.

பேஸ்பாலில் திருடுவது சட்டப்படி சரி. பந்து வீசப்படும் கணத்தில் ஓடத் தொடங்கி, எதிரணி பந்தைப் பிடித்து எறிந்து உங்களைத் தொடுவதற்குள் அடுத்த பேஸை அடைந்துவிட்டால் அது உங்களுடையது. மாட்டிக்கொண்டால் அவுட்.

ராபர்ட்ஸ் ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். பிறகு மட்டையாளருக்கு முதல் பந்தை வீசினார். ராபர்ட்ஸ் ஓடினார். 90 அடி. பந்தும் ஆளும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தார்கள். மண்ணைக் கிளப்பிக்கொண்டு சறுக்கிய ராபர்ட்ஸின் கை ஒரு கணம் முன்னால் பேஸைத் தொட்டுவிட்டது. நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். சேஃப்.

அடுத்து பில் மில்லர் அடித்த பந்து ரிவேராவைத் தாண்டிப் போனது. ராபர்ட்ஸ் ஓடி வந்து ரன் எடுத்தார். 4-4.

பெரியவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். அவருடைய நிம்மதி அந்த நிமிடமே போய்விட்டது. நெஞ்சில் பழைய வலி ஏறியது. தோற்றால் ஒரு நாள் வலிக்கும், மறுநாள் வேலையைப் பார்க்கலாம். ஜெயித்தாலும் ஜெயிக்கலாம் என்று நினைக்கத் தொடங்கினால்தான் ராத்திரித் தூக்கம் போகும். 

"மறுபடியும் வந்துட்டியா?" என்று முணுமுணுத்தார். யாரிடம் பேசுகிறார் என்று கேட்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

பன்னிரண்டாவது இன்னிங்ஸ். நள்ளிரவு தாண்டி ஒன்று இருபத்திரண்டு. டேவிட் ஓர்டிஸ் அடித்த பந்து வலது பக்க வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. இரண்டு ரன். 6-4. மேல் மாடியில் மருமகன் தரையை உதைத்துக் குதிக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் கத்தவில்லை. பேத்திமேல் போர்வையை இழுத்துவிட்டார். அவளை எழுப்பலாமா என்று ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஒரு காகிதத் துண்டை எடுத்து, அவள் காலையில் சாப்பிடும் கிண்ணத்துக்கு அடியில் எழுதி வைத்தார்.

'6-4. இன்னிக்கும் ஒண்ணுதான்.'

ஒவ்வொன்றாக

திங்கட்கிழமை ஐந்தாவது மேட்ச் 5 மணி 49 நிமிடம் நீண்டது. பதினான்காவது இன்னிங்ஸில் மறுபடி ஓர்டிஸ்தான் அடித்தார். 5-4. யோசித்துப் பார்த்தால் விநோதம். நான்காவது மேட்ச் முடிந்தது அக்டோபர் 18 விடியற்காலை. ஐந்தாவது முடிந்தது அதே 18-ம் தேதி இரவு. ஒரே தேதியில் ஒரே மனிதர் இரண்டு மேட்சுகளை முடித்துக் கொடுத்தார்.

ஊரில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ரயிலில் கண் சிவந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். பெரியவர் ஞாயிறன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்கப் போடவில்லை. மனைவி கேட்டதற்கு, "இன்னும் அழுக்காகல" என்றார். சோபாவில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கேயேதான் உட்கார வேண்டும். பாட்டி மட்டும் முக்கியமான கட்டம் வந்தால் சமையலறைக்குப் போய்விட வேண்டும். ஏனென்றால் ஓர்டிஸ் அடித்தபோது அவர் அங்கேதான் இருந்தார். எல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரசிகனின் கையில் மட்டையும் இல்லை, பந்தும் இல்லை. அவனால் ஆகக்கூடிய காரியம் அந்தச் சட்டை ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை ஆட்டம் நியூயார்க்குக்கு மாறியது. கர்ட் ஷில்லிங்கின் கணுக்காலில் தசைநார் விலகியிருந்தது. அது நழுவாமல் இருக்க டாக்டர்கள் தோலோடு சேர்த்துத் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். காலுறையில் ரத்தம் கசிந்து சிவப்பாகத் தெரிந்தது. அதோடு ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். மார்க் பெல்ஹார்னின் மூன்று ரன் அடியோடு ரெட் சாக்ஸ் 4-2 என ஜெயித்தது. மூன்றுக்கு மூன்று.

இந்தக் கட்டத்துக்கு வந்த டீம் அதற்கு முன் ஒன்றும் கிடையாது. ஆனால் பெரியவருக்குப் பயம் அன்றுதான் உச்சத்துக்குப் போனது. நான்காவது மேட்சிலேயே தோற்றிருந்தால் ஆறுதல் இருந்திருக்கும். இவ்வளவு தூரம் ஏறி வந்து, போன வருடம் விழுந்த அதே மைதானத்தில், அதே ஏழாவது மேட்சில் மறுபடி விழுந்தால்?

சொல்லாத கதை

அக்டோபர் 20, புதன்கிழமை. முதல் இன்னிங்ஸிலேயே ஓர்டிஸ் இரண்டு ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, ஜானி டேமன் ஹோம் ரன் அடித்தார். ஒரே அடியில் நான்கு ரன். 6-0.

பேத்தி சோபாமேல் ஏறி நின்றுகொண்டாள். "தாத்தா, ஜெயிச்சுட்…"

பெரியவர் அவள் வாயைப் பொத்திவிட்டார். கை நடுங்கியது.

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதம்மா."

"ஏன்?"

பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவர் அந்த எட்டு வயதுக் குழந்தையிடம் சொன்னார். போன், அப்பா, இன்னும் ஒரே ஒரு அவுட், அதற்குள் தான் அவசரப்பட்டது எல்லாவற்றையும் சொன்னார். டிவியில் இன்னிங்ஸ் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். தோல்வியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க சொன்னதும் பெரிய தாத்தா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சாரு."

"அப்ப அவருக்கு சந்தோஷமாதானே இருந்துச்சு?"

பெரியவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியதைக் குழந்தை பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். இத்தனை வருடமாக அப்பாவுக்குப் பொய்யான செய்தி சொல்லிவிட்டோம் என்றுதான் குமைந்துகொண்டிருந்தார். பத்து வயதுக்குப் பிறகு அப்பா ரெட் சாக்ஸ் ஜெயித்ததாக நம்பிய சில நிமிடங்கள் அவை மட்டும்தான் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அன்று ரெட் சாக்ஸ் 10-3 என ஜெயித்தது. கடைசி அவுட் விழும்வரை அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. விழுந்த பிறகும் பெரியவர் சொல்லவில்லை. இன்னும் வேர்ல்ட் சீரிஸ் பாக்கி இருந்தது.

மற்ற 25 வீடுகள்

இந்தக் கதை வெற்றியில் முடிந்ததால்தான் உலகம் இதைப் பேசுகிறது. அதற்கு முன் மூன்று மேட்ச் பின்தங்கிய 25 டீம்களின் ரசிகர்களும் இதே போலத்தான் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீடுகளிலும் 'இன்னிக்கு ஒண்ணுதானே' என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும். 2020-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மூன்று தோல்விக்குப் பிறகு மூன்று மேட்ச் தொடர்ந்து ஜெயித்து, ஏழாவதில் தோற்றது. பேஸ்பாலில் முழுவதும் மீண்டு வந்த டீம் இன்றுவரை 2004 ரெட் சாக்ஸ் ஒன்றுதான்.

ஆகவே நம்பினால் நடக்கும் என்று சொல்ல இந்தக் கதை சாட்சி அல்ல. நடக்காமல் போவதுதான் அதிகம். ஆனால் அந்த ஞாயிறு இரவு டிவியை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால் பெரியவருக்குத் தோல்வி மிச்சமாகியிருக்காது, பேத்தியோடு உட்கார்ந்திருந்த நான்கு இரவுகள்தான் இல்லாமல் போயிருக்கும்.

கடைசி அவுட்

அக்டோபர் 27, புதன்கிழமை. வேர்ல்ட் சீரிஸில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நான்காவது முறையாகத் தோற்கடிக்க இன்னும் ஒரு அவுட். அன்று முழுச் சந்திர கிரகணம். 1986-ல் எல்லாம் முடிந்துபோனதும் இதே அக்டோபர் 27-தான்.

ஒரு பந்து தரையில் குதித்துப் பந்துவீச்சாளர் கீத் ஃபோக்கின் கைக்கே வந்தது. அவர் முதல் பேஸுக்கு மெதுவாகத் தூக்கிப் போட்டார். 3-0. நான்குக்கு பூஜ்யம். 86 வருடம் முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகள் போன் செய்து அழுதாள். மேலே மருமகன் குதித்தார். பேத்தி தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

மறுநாள் ஸ்கூல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு அவர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தான் மட்டும்தான் இப்படி ஒரு பைத்தியக்காரன் என்று நினைத்திருந்தார். உள்ளே போனால், கல்லறைக்குக் கல்லறை ரெட் சாக்ஸ் தொப்பி, குட்டிக் கொடி, அன்றைய பேப்பர். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் செய்தி சொல்ல ஊரே வந்து போயிருந்தது. பாஸ்டன் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் அந்த நாட்களில் கண்ட காட்சி அது.

பெரியவர் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி அப்பாவின் கல்மேல் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு சின்னக் கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள் பேத்தி.

"இப்ப சொல்லலாமா தாத்தா?"

"சொல்லலாம்மா" என்றார். ஆனால் அவரே முந்திக்கொண்டார்.

"அப்பா, ஜெயிச்சுட்டோம்."